வளர்த்த குதிரை இறந்துவிட்டால்: வடசென்னையில் முதல்முறை இழப்பவர்களுக்கு

நாய் இறந்தால் ஒரு பழைய வேட்டியில் சுற்றி ரெண்டு பேர் தூக்கிக்கொண்டு போய்விடலாம். குதிரையை அப்படித் தூக்க முடியாது. மட்டக்குதிரையே 200 கிலோ வரும். கல்யாண ஊர்வலத்துக்குப் போகிற மார்வாரி, கத்தியவாரி வகை என்றால் 350 கிலோவைத் தாண்டும். அதனால் குதிரைக்காரர் அழுவதற்கு முன்னால் ஜேசிபிக்குப் போன் பண்ண வேண்டியிருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் குதிரை வைத்திருப்பவர்களில் பலருக்கு அது செல்லம் மட்டுமில்லை, வீட்டுக்குச் சோறு போட்ட ஜீவன். சௌகார்பேட்டைக் கல்யாணத்தில் மாப்பிள்ளையைச் சுமந்திருக்கும், கடற்கரையில் பிள்ளைகளைச் சுமந்திருக்கும். அது போகும்போது வருமானமும் கூடவே போகிறது. துக்கம் விசாரிக்க வருகிறவர் முதலில் கேட்பதே "எவ்ளோப்பா நஷ்டம்?" என்பதுதான். கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, அவருக்கு வேறு எப்படிக் கேட்பதென்று தெரியாது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே பலர் மற்றதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

புதிதாகக் குதிரை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒரு வரிசையைத்தான். முதல் நாள் முழுக்க அதன் உடம்புக்கு. அடுத்த சில நாட்கள் கூட நின்ற குதிரைக்கும், அதைப் பார்த்துக்கொண்ட ஆளுக்கும், உங்களுக்கும். பணக்கணக்கு அதற்கு அப்புறம்.

உயிர் இருக்கும்போதே பேச வேண்டியவை

வயதான குதிரையோ, படுத்த படுக்கையான குதிரையோ இருந்தால் நாலு விஷயத்தை முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள். எந்த டாக்டர் வருவார், எங்கே புதைப்பது, எந்த வண்டி, யார் முன்நின்று நடத்துவது. கடைசிக் கேள்விக்கு விடை நீங்களாக இருக்கக்கூடாது. மச்சானோ, நண்பரோ, பக்கத்து லாயக்காரரோ, கொஞ்சம் தெளிவாக இருக்கக்கூடிய ஒருவரைச் சொல்லி வையுங்கள்.

குதிரைக்குப் பார்க்கிற டாக்டர் ஊரில் குறைவு. நமக்குப் பக்கத்தில் இருப்பது வேப்பேரி சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி. 1903-ல் சைதாப்பேட்டையில் ஆரம்பித்து, 1905-ல் வேப்பேரிக்கு வந்த பழைய கல்லூரி. பெரிய விலங்குகளுக்கான பிரிவு அங்கே இருக்கிறது. செங்குன்றம், மீஞ்சூர் பக்கம் லாயம் இருந்தால் கால்நடை மருத்துவ ஊர்திக்கான 1962 எண்ணையும் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிழைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டால் ஊசி போட்டு முடிப்பதா என்ற பேச்சு வரும். வீட்டுப் பெரியவர்கள் "அது பாவம், தானாப் போகட்டும்" என்பார்கள். குடல் முறுக்கிக்கொண்ட குதிரை தானாகப் போவதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், வியர்வை சொட்டும், தரையில் விழுந்து புரளும், தலையைச் சுவரில் இடித்துக்கொள்ளும். அந்த நிலையில் ஊசிதான் கருணை என்பது என் கட்சி. முடிவு உங்களுடையது. ஆனால் ஊசியை டாக்டர் மட்டுமே போட வேண்டும், வேறு எந்தக் கைவைத்தியமும் கூடாது.

ஊசி போடுவதென்றால் முதலில் இடம் பாருங்கள். குதிரையால் நாலடி நடக்க முடிந்தால், வண்டி வந்து நிற்கக்கூடிய இடத்துக்கு மெல்ல நடத்திக்கொண்டு வந்து, அப்புறம் போடச் சொல்லுங்கள். சந்துக்குள் இருக்கும் லாயத்தில் விழுந்துவிட்டால் அங்கிருந்து வெளியே இழுப்பதைப் பார்ப்பது சாவைவிடக் கஷ்டம். இன்னொன்று, ஊசி போட்ட குதிரையின் இறைச்சியில் அந்த மருந்து தங்கிவிடும். தின்கிற நாய், காக்கை, பருந்து எல்லாம் சாகும். அதைக் குப்பை மேட்டில் போட நினைக்கவே கூடாது.

முதல் ஒரு மணி நேரம்

மூச்சு நின்றதும் உடனே தூக்க ஆரம்பிக்காதீர்கள். இடது முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னால் கையை அழுத்தி வைத்தால் இதயத் துடிப்பு தெரியும். அது இல்லை என்றால், விரலால் கண்ணின் கருவிழியை லேசாகத் தொட்டுப் பாருங்கள். இமை அசையவில்லை என்றால் போய்விட்டது. டாக்டர் கூட இருந்தால் இதை அவரே பார்த்துச் சொல்வார்.

அதற்குப் பிறகும் ஒருதரம் பெருமூச்சு மாதிரி வரலாம், கால் தசை துடிக்கலாம். உயிர் திரும்பி வருகிறது என்று நினைத்துப் பிள்ளைகள் கத்துவார்கள். அது நரம்பும் தசையும் அடங்குகிற அசைவு. கண்ணும் மூடாது. மனிதருக்கு மூடிவிடுகிற மாதிரி கையால் மூடிவிட்டாலும் திறந்துகொள்ளும். ஈரத்துணி ஒன்றைத் தலைமேல் போட்டுவிடுங்கள், ஈ மொய்க்காமலும் இருக்கும்.

இந்த ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டிய வேலை மூன்று. கடிவாளம், கயிறு, சலங்கை எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கால்களை மடக்கி உடம்போடு சேர்த்துப் பருத்திக் கயிற்றால் கட்டுங்கள். சில மணி நேரத்தில் உடம்பு விறைத்துவிடும், அப்புறம் நீட்டிய கால் குட்டி யானை வண்டியில் கூட அடங்காது. மூன்றாவது, வால் மயிரில் ஒரு பிடி வெட்டி எடுத்து வைப்பது. இப்போது வேண்டாம் என்று தோன்றும். எடுத்து வையுங்கள், வண்டி கிளம்பிய பிறகு இதைச் செய்ய முடியாது. வேரோடு ஒட்டி வெட்டினால் நீளமாகக் கிடைக்கும். நூலால் ரெண்டு இடத்தில் இறுகக் கட்டிவிட்டு அப்புறம் வெட்டுங்கள், இல்லையென்றால் காற்றில் பறந்துவிடும்.

சென்னை வெயிலில் நேரம் ரொம்பக் குறைவு. குதிரையின் பெருங்குடலில் புல் நொதித்துக்கொண்டே இருப்பதால், இறந்த பிறகும் வாயு சேர்ந்து வயிறு வேகமாக உப்பும். காலையில் இறந்தால் அன்று சாயங்காலத்துக்குள் புதைத்துவிட வேண்டும். ராத்திரி இறந்தால் விடியற்காலையில். வெளியூரிலிருந்து யாரோ வரவேண்டும் என்று காத்திருப்பது சரிப்படாது.

காரணம் தெரியாத சாவு என்றால்

நேற்று வரை நன்றாக இருந்த குதிரை திடீரென்று இறந்து, மூக்கு, வாய், ஆசனவாய் வழியே உறையாத கறுத்த ரத்தம் வந்தால் யாரும் தொடாதீர்கள். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். உடம்பை அறுத்தால் கிருமி காற்றும் மண்ணும் பட்டு, வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும். அரசுக் கால்நடை மருத்துவருக்குச் சொல்லிவிட்டு அவர் வரும்வரை தள்ளி நில்லுங்கள்.

மூக்கில் சீழ், தோலில் வரிசையாகக் கட்டி என்று பல நாள் இருந்திருந்தால் கிளாண்டர்ஸ் சந்தேகம் வரும். அது மனிதர்களுக்கும் தொற்றும். அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய், 2009-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. மறைத்தால் பக்கத்து லாயங்களும் போகும்.

வடசென்னைத் தெருக்களில் நம் குதிரைக்கு அதிகம் வரக்கூடியது வேறொன்று, வெறிநோய். தெருநாய் கடித்து, சில வாரமோ மாதமோ கழித்துக் குதிரைக்கு நடை தள்ளாடி, விழுங்க முடியாமல் எச்சில் வடிந்து, வெறிபிடித்த மாதிரி கடிக்க வந்து இறந்தால், அதன் வாயில் கை விட்ட எல்லோரும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "தொண்டையில எதோ மாட்டிக்கிச்சு" என்று கையை விட்டுப் பார்த்தவர் ஒவ்வொரு லாயத்திலும் ஒருவர் இருப்பார். ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைகளில் வெறிநோய்த் தடுப்பூசி இலவசம். துக்கத்தில் இருக்கிறோம், காரியம் முடிந்து பார்க்கலாம் என்று தள்ளிப்போடக்கூடாத ஒரே விஷயம் இது.

இன்சூரன்ஸ் இருந்தாலோ, காரணம் தெரிந்தால்தான் மனசு ஆறும் என்று தோன்றினாலோ, பிரேதப் பரிசோதனைக்கு டாக்டரிடம் கேளுங்கள். எல்லோருக்கும் அது தேவையில்லை. ஆனால் கூட இன்னும் ரெண்டு குதிரை நிற்கிறது என்றால் நான் கட்டாயம் செய்யச் சொல்வேன்.

எங்கே புதைப்பது

இதுதான் நம் பகுதியில் பெரிய தலைவலி. ஓட்டேரி, மூலக்கொத்தளம் மயானங்கள் மனிதர்களுக்கானவை. காலி மனை கிடையாது. இருக்கிற இடத்திலும் மண்ணைத் தோண்டினால் தண்ணீர் வரும். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கடல் மணல், நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாலடி தோண்டுவதற்குள் குழி குளமாகிவிடும்.

உங்களுக்கு இருக்கும் வழி ரெண்டுதான். சோழவரம், செங்குன்றம், மீஞ்சூர் பக்கம் சொந்தமாகவோ உறவுக்காரருக்கோ நிலம் இருந்தால், உரிமையாளரின் சம்மதத்தோடு அங்கே புதைப்பது. இல்லையென்றால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லி, உங்கள் வார்டு சுகாதார ஆய்வாளர் மூலமாக உடலை அப்புறப்படுத்தச் சொல்வது. ரெண்டாவது வழியில் குதிரை எங்கே போகிறது என்பது உங்கள் கையில் இருக்காது. அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். வீட்டு வாசலிலேயே மாலை போட்டுக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள், மரியாதை அதோடு முடிந்தது.

பக்கிங்ஹாம் கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய், ஓட்டேரி நல்லா ஓடை, கொடுங்கையூர் குப்பை மேடு, கடற்கரை. ராத்திரியோடு ராத்திரியாக இந்த இடங்களில் தள்ளிவிடலாம் என்று யோசனை சொல்ல ஒருவர் கண்டிப்பாக வருவார். செலவு மிச்சம் என்பார். சட்டம் கிடக்கட்டும், மூன்று நாள் கழித்து அது உப்பி மிதப்பதை யாராவது போனில் படம் எடுத்து அனுப்புவார்கள். அந்தப் படம் உங்கள் பிள்ளையின் போனுக்கும் வரும்.

சொந்த நிலத்தில் என்றால் குழியின் அளவைச் சரியாகச் சொல்லிவிடுங்கள். மட்டக்குதிரைக்கு ஏழடி நீளம், ஐந்தடி அகலம், ஏழடி ஆழம். உயரமான குதிரைக்கு ஆழம் எட்டு, ஒன்பது அடி வரை போகட்டும். உடம்புக்கு மேல் குறைந்தது நாலடி மண் நிற்க வேண்டும் என்பதுதான் கணக்கு. கிணறு, போர், ஏரிக்கால்வாய் எதிலிருந்தும் நூறடியாவது தள்ளித் தோண்டுங்கள். உப்பும் சுண்ணாம்பும் போடுவது வழக்கம். தார்ப்பாய், நைலான் கயிறு, பிளாஸ்டிக் எதையும் உள்ளே விடாதீர்கள். மண்ணை மேடாகக் குவியுங்கள், ஒரு மழைக்குப் பிறகு அது தானாக இறங்கும். மேலே வேலிக்காத்தான் முள்ளை வெட்டிப் போட்டால் நாய் தோண்டாது.

ஏற்றி இறக்குவது

ஜேசிபி வரக்கூடிய தெருவாக இருந்தால் கவலை இல்லை. வராத சந்துதான் நம்மிடம் அதிகம். அங்கே தார்ப்பாயோ, நாலாக மடித்த பழைய மீன்வலையோ குதிரையின் முதுகுப் பக்கமாகச் செருகி, உருட்டி அதன் மேல் கொண்டுவந்து, எட்டுப் பத்து பேர் சேர்ந்து இழுக்க வேண்டும். மீன்பிடித் துறைமுகத்தில் படகு இழுக்கிறவர்களுக்குக் கயிறு எங்கே கட்டினால் பாரம் நகரும் என்று தெரியும். அவர்களில் ரெண்டு பேரைக் கூப்பிட்டுக்கொண்டால் வேலை பாதியாகிவிடும். வண்டியில் ஏற்ற ரெண்டு கனமான பலகையைச் சாய்த்துப் போடுங்கள்.

கழுத்தில் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். நெஞ்சைச் சுற்றி ஒன்று, இடுப்பைச் சுற்றி ஒன்று. ஜேசிபி டிரைவருக்கு அது ஒரு லோடு, அவரைக் குறை சொல்ல முடியாது. "அண்ணே, கொஞ்சம் மெதுவா இறக்குங்க, வளர்த்த குதிரை" என்று முன்கூட்டியே சொன்னால் போதும், சொன்ன பிறகு அலட்சியமாக இறக்கிய ஆளை நான் பார்த்ததில்லை. சொல்லாமல் விட்டால் குழிக்குள் தலைகீழாகக் கொட்டுவதைப் பார்க்க நேரும். வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் அந்த நேரத்தில் அங்கே வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். பாதி மண் மூடிய பிறகு அவர்களைக் கூப்பிடுவது நல்லது.

முக்கியமான ஒன்று. புதைத்து முடிக்கும்வரை யாரும் குடிக்கக்கூடாது. நம் ஏரியாவில் சாவு என்றால் முதலில் ஒருவர் டாஸ்மாக் பக்கம் நகர்ந்துவிடுவார். ஏழடிக் குழி, ஜேசிபி, முன்னூறு கிலோ பாரம், இந்த மூன்றுக்கும் நடுவில் தள்ளாடுகிற ஆள் இருந்தால் ரெண்டாவது சாவும் விழும்.

மாலை, மேளம், பட்டாசு

வடசென்னையில் சாவை ஊமையாக யாரும் கொண்டுபோவதில்லை. குதிரைக்கும் மாலை போடுவார்கள், மஞ்சள் குங்குமம் வைப்பார்கள், வாயருகே ஒரு பிடி கொள்ளு வைப்பார்கள். இஸ்லாமிய வீடுகளில் விலங்குக்கு ஜனாஸா தொழுகை கிடையாது. மனசு கேட்காதவர்கள் அன்றைக்கு நாலு பேருக்குச் சோறு போடுகிறார்கள். எதைச் செய்தாலும் சரிதான். கானா பாடத் தெரிந்த பையன் தெருவில் இருந்தால் குதிரையின் பேரைப் போட்டு ரெண்டு வரி கட்டிப் பாடச் சொல்லுங்கள். மனிதர் சாவுக்குப் பாடுகிறவன் குதிரைக்கும் பாடுவான்.

மேளமும் பட்டாசும் மட்டும் லாயத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். மிச்சமிருக்கும் குதிரை ஏற்கெனவே மிரண்டு நிற்கிறது. கட்டை அறுத்துக்கொண்டு பேசின் பிரிட்ஜ் ரோட்டில் ஓடினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தெருமுனை தாண்டி அடித்துக்கொள்ளலாம்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிப்பதைப் பற்றிக் கேட்பார்கள். அடியுங்கள், யார் சிரித்தாலும் சிரிக்கட்டும். ரோட்டில் பேனர் வைக்க அனுமதி வாங்க வேண்டியிருப்பதால், வீட்டுச் சுவரில் ஒட்டுகிற அளவில் ஒன்று போதும். குதிரையின் பேர், நிறம், எத்தனை வருஷம் உங்களோடு இருந்தது, இதை எழுதுங்கள். "ஈடு செய்ய முடியாத இழப்பு" எல்லாம் கவுன்சிலர் அப்பாவுக்குப் போடுவது. அதைவிட "வேகமாகப் போகாது, யாரையும் கீழே தள்ளியதும் இல்லை" என்று ஒரு வரி போட்டால் படிக்கிறவருக்கு அந்தக் குதிரை கண்முன் வரும்.

கூட நின்ற குதிரை

ஒரே லாயத்தில் ரெண்டு குதிரை இருந்து ஒன்று போய்விட்டால், தொற்றுநோய்ச் சந்தேகம் இல்லாத பட்சத்தில், மற்றதை உடம்பருகே கூட்டிவந்து காட்டுங்கள். அவசரப்படுத்தாதீர்கள், கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். முதலில் தூரமாக நின்று மூக்கு விரித்து முகரும். அப்புறம் கிட்டே வந்து பிடரியில் மூக்கை வைத்து ஊதும். உதட்டால் மயிரைப் பிடித்து இழுத்துப் பார்க்கும், சில குதிரை பல்லால் கடித்தும் பார்க்கும், முன்னங்காலால் தரையைத் தோண்டும். எழுப்பப் பார்க்கிறது என்று நமக்குத் தோன்றும். கொஞ்ச நேரத்தில் அதுவாகவே திரும்பிப் புல்லைத் தேடும். அப்படித் திரும்பியதற்கு அதைத் திட்டாதீர்கள். சில குதிரை ஒருதரம் முகர்ந்துவிட்டுப் போய்விடும், அதுவும் சரிதான்.

பார்க்க விடாமல் உடம்பைத் தூக்கிக்கொண்டு போனால், போனது எங்கே என்று தெரியாமல் மற்றது கனைத்துக்கொண்டே இருப்பதை லாயக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். தெருவில் ஒரு மாட்டு வண்டி போனாலும் காதை நிமிர்த்திக் கூப்பிடும்.

அடுத்த சில நாட்கள் அதன் சாணத்தைக் கவனியுங்கள். நல்ல குதிரை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை சாணம் போடும். அது பாதியாகக் குறைந்தாலோ, கொள்ளுத் தொட்டியை முகர்ந்துவிட்டு ஒதுங்கினாலோ டாக்டரைக் கூப்பிடுங்கள். குதிரையின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய குடல், நின்றால் வயிற்றுவலி. மட்டக்குதிரை பட்டினி கிடந்தால் ரத்தத்தில் கொழுப்பு ஏறி அதுவே ஆளைச் சாய்த்துவிடும். "பாவம், துக்கத்துல இருக்கு" என்று வெல்லமும் கேரட்டும் அள்ளிப் போடாதீர்கள். அதே புல், அதே நேரம், அதே ஆள். துணைக்கு ஒரு வெள்ளாட்டைக் கட்டிவைப்பது பழைய பழக்கம், பல குதிரைக்கு அது பலிக்கிறது.

லாயத்துப் பையன், பிள்ளைகள், நீங்கள்

குதிரை யாருடையது என்பதற்கு ஆர்.சி. புத்தகம் மாதிரி ஒன்றும் கிடையாது. பணம் கொடுத்தவர் நீங்கள். ஆனால் விடியற்காலையில் எழுந்து சாணம் அள்ளி, மாலிஷ் பண்ணி, மழையில் கூடவே படுத்துக் கிடந்தவன் லாயத்துப் பையன். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் உங்கள் கையைப் பிடிப்பார்கள், அவன் ஓரமாக வாளியைக் கழுவிக்கொண்டு நிற்பான். அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். முதல் பிடி மண்ணை அவன் போடட்டும். வேலை போய்விடுமோ என்ற பயமும் அவனுக்கு இருக்கும், வேலை உண்டா இல்லையா என்பதை அந்த வாரத்துக்குள் நேராகச் சொல்லிவிடுங்கள். இந்தத் தொழிலில் எனக்குப் பிடிக்காதது இது ஒன்றுதான்: குதிரை போனதும் பையனையும் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுகிற முதலாளிகள் இருக்கிறார்கள்.

பிள்ளைகளிடம் "வெளியூர் அனுப்பிட்டோம்" என்று சொல்லாதீர்கள். தெருவில் வேறொரு பிள்ளை அடுத்த மணி நேரத்தில் உண்மையைச் சொல்லிவிடும். செத்துப்போய்விட்டது, இனி வராது, வலி இல்லை. இந்த மூன்றையும் அந்த வார்த்தையிலேயே சொல்லலாம். அவர்கள் கேட்கிற கேள்வி விசித்திரமாக இருக்கும். "லாடத்தோட புதைச்சீங்களா?" என்று கேட்பார்கள். பதில் சொல்லுங்கள்.

உங்களுக்கு வரப்போகிற நினைப்பு இதுதான்: "ராத்திரி ஒரு தடவை எழுந்து பார்த்திருந்தா." வயிற்றுவலியில் குதிரையை இழந்த எல்லோருக்கும் வருகிறது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, அதன் குடல் நீளமாகவும் தளர்வாகவும் கிடப்பது, முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். பகலில் டாக்டர் பக்கத்திலேயே நின்றும் காப்பாற்ற முடியாமல் போனவை உண்டு. இதைத் தெரிந்துகொண்டால் நினைப்பு நின்றுவிடாது, கொஞ்சம் மட்டுப்படும்.

"குதிரைக்குப் போய் இவ்ளோவா" என்பவரிடம் வாதம் பண்ண வேண்டாம். தூக்கம் போய், சாப்பாடு போய், வாரக்கணக்கில் லாயத்துப் பக்கமே போக முடியவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் பேசுங்கள். தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. குதிரைக்காக என்று சொல்லக் கூச்சப்படத் தேவையில்லை.

பணமும் முகூர்த்தமும்

கல்யாண புக்கிங் இருந்தால் அதை மட்டும் தள்ளிப்போட முடியாது. அட்வான்ஸ் கொடுத்தவர் வீட்டுக்கு நீங்கள் பேசாமல், முன்நிற்கும் நண்பரைப் பேச வையுங்கள். வேறு லாயத்துக் குதிரையை அனுப்புகிறோம், இல்லையென்றால் அட்வான்ஸைத் திருப்பித் தருகிறோம் என்ற ரெண்டே வார்த்தை. கல்யாண வீட்டில் குதிரை செத்த கதையை விரிவாகச் சொன்னால் சகுனம் பார்ப்பார்கள். இன்சூரன்ஸுக்கு அன்றைக்கே தகவல் சொல்லி, புதைப்பதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்து, டாக்டர் சான்றிதழை வாங்கி வையுங்கள். கடன் கணக்கை அடுத்த வாரம் பார்க்கலாம்.

எடுத்து வைத்த சாமான்கள்

வால் மயிரை ஷாம்பு போட்டு அலசி, நிழலில் காயவையுங்கள். வெயிலில் காய்ந்தால் நொறுங்கும். பின்னிக் கைக்கயிறு போலப் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. லாடத்தை லாடம் கட்டுகிறவரிடமே கழற்றச் சொல்லுங்கள், ஆணியை அவர்தான் சரியாக எடுப்பார். மண்ணெண்ணெயில் ஊறவைத்து பிரஷ் போட்டுத் தேய்த்து, எண்ணெய் தடவி வைத்தால் துரு ஏறாது.

சேணத்தை முதல் மாதத்தில் விற்காதீர்கள். வேண்டாம் என்று மூலையில் போட்டும் விடாதீர்கள், நம் கடற்காற்றில் தோல் பூஞ்சை பிடித்துவிடும். துடைத்து எண்ணெய் போட்டுத் தொங்கவிடுங்கள். தொற்றுநோயில் இறந்த குதிரை என்றால் தலைகீழ்: படுக்கை வைக்கோலை எரித்து, தொட்டி, வாளி, பிரஷ் எல்லாவற்றையும் முதலில் சோப்பு போட்டுத் தேய்த்து, அப்புறம் பிளீச்சிங் பவுடர் கரைசலில் கழுவ வேண்டும். அழுக்கோடு பிளீச்சிங் போட்டால் வேலை செய்யாது.

ஞாபகத்துக்கு ஏதாவது வேண்டும் என்றால் கொசப்பேட்டைக்குப் போங்கள். பிள்ளையாரும் கொலு பொம்மையும் செய்கிற மண்பாண்டக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள். போட்டோவைக் காட்டி, நெற்றிச் சுட்டியும் கால் வெள்ளையும் எங்கே என்று சொல்லி ஒரு மண் குதிரை செய்து தரக் கேட்கலாம். பிள்ளையார் சதுர்த்திக்கும் நவராத்திரிக்கும் முந்தைய வாரங்களில் கேட்காதீர்கள், அவர்களுக்குத் தலை நிமிர நேரமிருக்காது.

அடுத்த குதிரை

சீசன் வருகிறது, ஆர்டர் கைவிட்டுப் போகிறது என்று அவசரமாக வாங்குவதைத் தடுக்க முடியாது, வயிறு இருக்கிறது. முடிந்தால் முதல் சீசனுக்கு வாடகைக் குதிரையை வைத்து ஓட்டுங்கள். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடும், நம் ஆட்கள் பலரும் அங்கேதான் போவார்கள். போகும்போது தனியாகப் போகாதீர்கள். செத்துப்போன குதிரையின் நிறத்திலேயே ஒன்று நின்றால் கால் அங்கேயே நின்றுவிடும், வியாபாரி அதை உங்கள் முகத்தில் படித்துவிடுவார், விலை ஏறும். பல்லையும் குளம்பையும் பார்க்கிற வேலையைக் கூட வந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

வாங்கிய குதிரையை நேரே பழைய லாயத்தில் கட்ட வேண்டாம். மூன்று வாரமாவது தனியாக, தனி வாளி, தனி தொட்டியோடு வையுங்கள். கிளாண்டர்ஸுக்கு ரத்தப் பரிசோதனை, டெட்டனஸ் ஊசி ரெண்டும் அதற்குள் முடிந்துவிட வேண்டும். ரிப்போர்ட் வந்த பிறகு அந்த இடத்தில் கட்டலாம். பழைய பேரை வைப்பதா புதுப் பேரா என்பதை லாயத்துப் பையனிடம் கேளுங்கள், கூப்பிடப் போகிறவன் அவன்தான்.